மொராக் மிஸ்ஸும் கண்டல்முனை ஒழுங்கையும்

மொராக் மிஸ்ஸுக்கு வாற மாதம் எழுபத்தஞ்சு வயசு. அவவின்ர மகள் ஸ்கொட்லாந்தில இருந்து எனக்கு ஈமெயில் போட்டிருக்கிறா. தாயோட வேலை செய்த ஆக்கள் எல்லாரிட்டயும் ரெண்டு பக்கம் எழுதி வாங்கி, புத்தகமாக் கட்டிப் பிறந்தநாளுக்குக் குடுக்கப் போறாவாம். விரும்பின மொழியில எழுதலாம் எண்டு மரியாதைக்கு ஒரு வசனமும் சேர்த்திருக்கிறா. மரியாதைக்குச் சொன்னதை நான் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டன். தமிழிலதான் எழுதப்போறன். வேலை செய்த காலம் முழுக்க மற்றவையின்ர கதையை அங்கால இங்கால மாத்திக் குடுத்து என்ர நாக்குத் தேஞ்சு போச்சு. இதை மாத்திறது அவையின்ர பாடு. ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்குமோ எண்டதும் அவையின்ர பாடுதான்.

நான் தவமணி. பிறந்தது கிளிவெட்டியில, வயல் செய்யிற குடும்பம். கலியாணத்துக்கு முதலே திருகோணமலைக்கு வந்து, துறைமுகப் பக்கத்துச் சபை ஒண்டில கிளாக்கா ஏறினனான். சபையின்ர பேர் வேண்டாம். நான் பழக்கி விட்ட பிள்ளையள் இப்பவும் அங்க வேலை செய்யினம், அதுகள் நிம்மதியா இருக்கட்டும். முதல் வருசம் கடிதத்தில திகதி முத்திரை குத்தப் பழகினன். ரெண்டாம் வருசம் "உரிய நடவடிக்கைக்காக" எண்டு எழுதி அடுத்த கந்தோருக்கு அனுப்பப் பழகினன். மூண்டாம் வருசம், அப்பிடி அனுப்பின கடிதத்தை மறக்கப் பழகினன். என்ர பயிற்சிக்காலம் அவ்வளவுதான்.

கன்னியாஸ்திரிமாரிட்டப் படிச்ச இங்கிலிஸ் கொஞ்சம் கையில இருந்தது. வெளிநாட்டு ஆக்கள் ஆரும் வந்தால் "தவமணியைக் கூப்பிடு" எண்டு மேல்மாடியில இருந்து சத்தம் கேக்கும். மொழிபெயர்ப்பாளர் எண்டு பதவியும் இல்லை, அதுக்கொரு படியும் இல்லை. ஆனால் பெரிய மேசைக்குக் கிட்ட ஒரு கதிரையும் ஒரு சோடாவும் கிடைக்கும். வேலையை விட்டிட்டு எழும்பிப் போறதுக்கு அது போதாதோ? நான் சந்தோசமாத்தான் போறனான்.

அப்பிடிக் கூப்பிட்ட ஒருநாள்தான் தவிசாளர் சொன்னவர், ஒரு திட்டத்தில ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தில அங்கத்தவரா இருந்த அம்மா ஒராள் ரெண்டு வருசத்துக்கு எங்கட சபைக்கு வாறா, சனத்தின்ர மனுக்களை எப்பிடிப் பாக்கிறது எண்டு காட்டித் தரப்போறா, நீதான் அவவின்ர வாய் எண்டு. தவிசாளர் தங்கமான மனுசன். ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் கையை விடமாட்டார். நாங்கள் எல்லாரும், அவ கோட் போட்டு வானில வந்து இறங்குவா, பின்னால ரெண்டு பேர் பை தூக்கிக்கொண்டு வருவினம் எண்டு மாலையோட வாசலில நிண்டம்.

அவ குச்சவெளி பஸ்ஸில வந்து இறங்கினா. முதல்நாளே ஊருக்கு வந்து, ஆருக்கும் சொல்லாமல் கரையோரம் பாக்கப் போயிருக்கிறா. ஒரு கையில பெரிய தொப்பி, மற்றக் கையில சொப்பிங் பைக்குள்ள ஒரு பாரை மீன். மாலை கழுத்தில விழ முதலே அவ கேட்டது கத்தி எங்க இருக்கு எண்டுதான். சபைக் குசினியில நிண்டு அவ அந்தப் பாரையை வெட்டின வேகத்தைப் பாத்து, எங்கட பியோன் சின்னத்தம்பி அண்ணை வாயில கையை வைச்சுக்கொண்டு நிண்டவர். மனுசி மீன் வெட்டிறதுக்கே வந்திருக்கலாம் எண்டு எனக்குக் காதுக்குள்ள சொன்னவர்.

வெட்டிக்கொண்டே தன்ர கதையையும் சொன்னவ. தகப்பனுக்கு வடக்குக் கடற்கரையில ஒரு படகு. எங்கட சூடை மீன் மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிசா ஒரு மீனுக்குப் போறவராம். தாய் கரையில நிண்டு குடல் எடுக்கிறவ. மொராக் மிஸ் பதினாறு வயசில மீன் தொழிற்சாலைக்குப் போய், ஐஸ் தண்ணியில கை விறைக்குது, கையுறை தாங்கோ எண்டு சண்டை பிடிச்சிருக்கிறா. கையுறை கிடைச்சது. அதுக்குப் பிறகு எல்லாரும் தங்கட தங்கட சண்டையை அவவிட்டக் கொண்டு வந்து குடுக்கத் துவங்கியிருக்கினம். அப்பிடியே தொழிற்சங்கம், பிறகு ஊர்ச்சபை, பிறகு எடின்பரோவில பாராளுமன்றம். அங்க பன்னிரண்டு வருசம் இருந்தவ, அதில எட்டு வருசம் மனுக் குழுவில. அவையின்ர பாராளுமன்றத்தில ஒரேயொரு ஆள் ஒரு பேப்பரில எழுதிக் குடுத்தாலும் குழு எடுத்துப் பாக்கத்தான் வேணுமாம். கையெழுத்துச் சேர்க்கவும் தேவையில்லை, ஊர்வலம் போகவும் தேவையில்லை. நான் இதைத் தமிழில சொல்லேக்க, பிழையா மாத்திறன் எண்டு நினைச்சுத் தவிசாளர் ரெண்டாந்தரம் கேட்டவர்.

பிறகு ஒரு தேர்தலில தோத்துப் போனா. அதை அவ சொன்ன விதத்தை நினைச்சால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும். தோத்ததுக்கு அடுத்தநாள் காலமை கந்தோரைத் துப்புரவாக்கிக் குடுக்கப் போனால், ஏற்கெனவே நேரம் வாங்கின ஆக்கள் ஒன்பது பேர் வாசலில நிக்கினமாம். நான் இப்ப அங்கத்தவர் இல்லையே எண்டிருக்கிறா. முன்னுக்கு நிண்ட கிழவி, அது தெரியும், நானும் உங்களுக்குப் போடேல்லை, ஆனால் என்ர கூரை இன்னும் ஒழுகுது எண்டாவாம். மிஸ் கதவைத் திறந்து, பின்னேரம் வரைக்கும் இருந்து ஒன்பது பேரின்ர கதையையும் கேட்டு எழுதி, தன்னைத் தோக்கடிச்ச ஆளின்ர கையிலயே கொண்டுபோய்க் குடுத்திட்டு வீட்ட போயிருக்கிறா. இந்த மனுசிக்கு வாயா இருக்கிறது நல்ல வேலைதான் எண்டு அண்டைக்கே எனக்குப் பட்டது.

முதலாவது மனு நாளை நாங்கள் எங்கட முறைப்படிதான் வைச்சம். விளக்கேத்தல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, மூண்டு விருந்தினர் உரை, ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை. மனுவோட வந்த சனம் பின்சுவரோட சாஞ்சு நிண்டுது. அவையின்ர முறை வரேக்க பன்னிரண்டரை. சோத்துப் பார்சல் வந்திட்டுது. ரெண்டு பேர் கதைச்சவை, மிச்ச ஆக்களை அடுத்த மாதம் வரச்சொல்லி அனுப்பினம். மொராக் மிஸ் மேடையில இருந்து கம்பளி நூலில ஏதோ பின்னிக்கொண்டிருந்தவ. அந்தப் புழுக்கத்தில கம்பளி! பேரனுக்குக் காலுறையாம். கை சும்மா இருந்தால் தனக்குக் காது கேக்காது எண்டு பிறகு எனக்குச் சொன்னவ.

அடுத்த மாதம் அவ கேட்டது மூண்டே மூண்டு விசயம். ஒண்டு, மேடை வேண்டாம், கதிரையளை வட்டமாப் போடுங்கோ, மனு கொண்டு வந்த ஆள் முதல் இருந்தாப் பிறகுதான் மற்றவை இருக்கலாம். ரெண்டாவது, மனுக்காரர் முதல் கதைக்கட்டும், வரவேற்புரையைக் கடைசியில வைச்சுக்கொள்ளுங்கோ. தவிசாளர் பதறிப்போனார். விளக்கேத்தாமல் எப்பிடித் துவங்கிறது எண்டு கேட்டார். தாராளமா ஏத்துங்கோ, மனுக்காரரே ஏத்தட்டும் எண்டா மிஸ். அண்டையில இருந்து விளக்கேத்தல் ஒரு நிமிசத்தில முடிஞ்சுது. அந்தக் கடைசி வரவேற்புரையைக் கேக்க ஆரும் நிக்கவும் இல்லை, ரெண்டு மாதத்தில தவிசாளரே அதைக் கைவிட்டிட்டார்.

மூண்டாவதுதான் கஷ்டமானது. வாற உத்தியோகத்தர் ஒவ்வொருத்தரிட்டயும், மனுக்காரருக்கு முன்னாலயே, மூண்டு கேள்வி கேப்பா. இது உங்களுடைய வேலையா? இல்லையெண்டால் ஆருடையது? ஓமெண்டால் எப்ப? பதிலைப் பென்சிலால ஒரு சின்னக் கொப்பியில எழுதுவா. ஒருத்தரையும் ஏசமாட்டா, முகம் சுளிக்கமாட்டா. உத்தியோகத்தர் விளக்கம் சொல்லச் சொல்லப் பின்னிக்கொண்டே இருப்பா. ஆனால் ஆரும் நழுவத் துவங்கினால் ஊசி நிண்டிடும். சத்தம் நிண்டவுடன கதைச்சுக்கொண்டிருந்தவரும் நிப்பார். நாலைஞ்சு மாதத்தில எங்கட பக்கத்து உத்தியோகத்தர் எல்லாருக்கும் அந்த ஊசியில ஒரு கண் வந்திட்டுது. தெருவிளக்கு எரிஞ்சுது, மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டுப்பட்டுது, நூலகத்துக்கு மலசலகூடம் வந்துது. நான் மாத்திக் குடுக்கிற கதை ஒரு வேலையாகி முடியிறதை முதன்முதலாக் கண்ணால கண்டன். மனு நாளுக்கு நான் நல்ல சீலை உடுத்துப் போகத் துவங்கினது அப்பதான்.

இனி றஹ்மத்தும்மாவின்ர கதைக்கு வாறன்.

குடாவுக்கு அங்கால கண்டல்முனை எண்டு ஒரு சின்ன மீன்பிடிக் குடியிருப்பு. அங்க பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போட சரி. மேல படிக்கிற பொம்பிளைப் பிள்ளையளைத் தன்ர தோணியில ஏத்தி, டவுண் பக்கத்து இறங்குதுறையில விடுறது றஹ்மத்தும்மாதான். அவவின்ர கடைக்குட்டி அஸ்மாவும் அதில ஒராள். இறங்குதுறையில இருந்து பெரிய றோட்டுக்கு ஒரு ஒழுங்கை, எண்ணி அறுபது அடி நடந்தால் பஸ் தரிப்பு. ஆனால் அந்த ஒழுங்கைக்குக் குறுக்கால ஒரு இரும்புக் கேற். பிரச்சினைக் காலத்தில பக்கத்தில ஒரு ஆமி முகாம் இருந்தது, அப்ப போட்ட கேற். முகாம் போய்ப் பல காலம், பூட்டு மட்டும் போகேல்லை. பிள்ளையள் சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு, கரையோரப் பாறையில ஏறி இறங்கி வளைஞ்சுதான் றோட்டுக்குப் போகவேணும். போன வாடைக்காற்றில ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து கை முறிஞ்சு, அதோட பள்ளிக்கூடத்தையும் விட்டிட்டுது. இந்த வருசம் வாடை துவங்கினால் அஸ்மாவும் நிக்கவேண்டியதுதான் எண்டு புருசன் சொல்லிப்போட்டார். பிள்ளை உயர்தரம் முதல் வருசம். வாடைக்கு ரெண்டு மாதம்தான் கிடந்தது.

றஹ்மத்தும்மா சும்மா இருந்த மனுசி இல்லை. நாலு வருசத்துக்கு முதலே கச்சேரிக் கந்தோர் வாசலில தட்டச்சு அடிக்கிற ஆளிட்டக் குடுத்து மனு எழுதுவிச்சிருக்கிறா. எங்கட ஊர் மனுவைப் பத்தி ஒண்டு சொல்லவேணும். மனு அரைப் பக்கம் எண்டால் அடியில "பிரதிகள்" ஒரு பக்கம் இருக்கும். சனாதிபதியில துவங்கி ஊர் விதானை வரைக்கும் ஒருத்தரும் தப்பமாட்டினம். பிரதி கூடினால் பலம் கூடும் எண்டு நாங்கள் எல்லாரும் நம்பினம். நானே எத்தினை பேருக்கு, இவரையும் போடுங்கோ அவரையும் போடுங்கோ எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன், பெரிய உதவி செய்யிற நினைப்பில. றஹ்மத்தும்மாவின்ர மனுவில பதினேழு பிரதி. பதினேழு கந்தோரும், மற்றப் பதினாறில ஒண்டு பாக்கும் எண்டு விட்டிட்டுதுகள். பதில் போட்டவையும், இது எமது எல்லைக்கு உட்பட்டதல்ல, உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது எண்டுதான் போட்டவை.

கடைசியில றஹ்மத்தும்மா எங்கட மனு நாளுக்கும் பேர் குடுத்தா. அதுக்கு மூண்டு நாள் முதல், மொராக் மிஸ் அந்தக் கடிதங்கள் எல்லாத்தையும் எடுத்து வரச்சொன்னவ. பதினொரு கடிதம். கூட்ட மண்டபத்து நீள மேசையில பரப்பி, ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு கல்லு வைச்சம். பிறகு தன்ர கம்பளி உருண்டையை எடுத்து, இந்தக் கடிதம் எங்க அனுப்பினது எண்டு கேப்பா, நான் வாசிச்சுச் சொல்லுவன், நூலை அங்க இழுத்து அந்தக் கல்லைச் சுத்துவா. பச்சை நூல் மேசையின்ர அங்கத்தைக் கோடியில இருந்து இங்கத்தைக் கோடிக்கு ஆறேழு தரம் ஓடிச்சுது. பிள்ளையளின்ர விளையாட்டு மாதிரி இருந்தது, ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் செய்தம். கடைசிக் கடிதத்தில, முகாம் எழும்பின நேரமே ஒழுங்கையும் கேற்றும் சபையிடம் பொறுப்பாப் பாரம் குடுக்கப்பட்டது எண்டு இருந்தது. நூல் சுத்தி வந்து எங்கட சபையின்ர முத்திரையில நிண்டது. பழைய பாரமெடுத்த பைல் ஆரிட்ட எண்டு மிஸ் கேட்டா. என்ர அலுமாரியில எண்டு சொன்னன். அப்ப ஒருக்காப் பாருங்கோ தவமணி எண்டிட்டு, நூலைத் திரும்ப உருண்டையாச் சுத்தத் துவங்கினா.

அண்டைக்குப் பின்னேரம் எல்லாரும் போனாப் பிறகு அலுமாரியைத் திறந்தன். கீழ்த்தட்டில, பழைய வாக்காளர் இடாப்புக்குப் பின்னால ஒரு பழுப்புக் கடித உறை. உள்ளுக்க ஒரு தாள். ஒழுங்கை ஒண்டு, இரும்புக் கேற் ஒண்டு, பூட்டு ஒண்டு, அந்தப் பூட்டின் திறப்பு ஒண்டு, பாரமெடுத்தேன். கீழ என்ர கையெழுத்து. உறையைக் குலுக்க மேசையில திறப்பு விழுந்துது.

எல்லாம் ஒரேயடியா ஞாபகம் வந்துது. முகாம் ஆக்கள் லொறியோட வாசலில நிண்டு அவசரப்படுத்தினவை. கணக்காய்வு வாற கிழமை, எனக்குத் தலைக்கு மேல வேலை. லொறியின்ர பொனற்றில வைச்சுக் கையெழுத்துப் போட்டிட்டு, பிறகு பதியலாம் எண்டு உள்ளுக்க போட்டனான். பிறகு ஒரு வருசத்தால றஹ்மத்தும்மாவின்ர மனு வந்தபோது, அதே அலுமாரிக்கு முன்னால இருந்துதான் "உரிய நடவடிக்கைக்காக" எண்டு எழுதி வேற கந்தோருக்கு அனுப்பியிருக்கிறன். திறப்பு என்ர முழங்காலுக்கு நேர கிடந்திருக்கு.

இளைப்பாற எட்டு மாதம் கிடந்தது. வேலையில ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. இனி விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், விசாரணை வரும், பென்சன் இழுபடும். வீட்ட போய் இவரிட்டச் சொன்னன். இவர் எதுக்கும் பதறாத மனுசன். தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிச்சிட்டு, திறப்பைச் சின்னத்தம்பியிட்டக் குடுத்துக் கேற்றைத் திறந்து விடச்சொல்லன், பழைய சாமானுக்க கிடந்தது எண்டு சொன்னால் முடிஞ்சுது, பிள்ளையளும் போகும், ஆர் கேக்கப் போகினம் எண்டார். எனக்கும் அது நல்ல புத்தியாத்தான் பட்டது. பொய் சொல்லக்கூடாது, மனு நாளுக்கு நான் அந்த முடிவோடதான் போனனான். கூட்டம் முடியச் சின்னத்தம்பி அண்ணையிட்ட மெதுவாக் குடுப்பம் எண்டு திறப்பைக் கைப்பைக்குள்ள போட்டுக்கொண்டு போனன்.

றஹ்மத்தும்மா விளக்கேத்தினா. வட்டத்தில முதல் ஆளா இருந்தா. நான் அவவுக்கும் மொராக் மிஸ்ஸுக்கும் நடுவில. எதிர்ப்பக்கம் நாலு கந்தோரில இருந்து வந்த உத்தியோகத்தர், ஒரு கதிரை வெறுமையா. மிஸ் ஒவ்வொருத்தரா மூண்டு கேள்வியையும் கேட்டா. எங்களுடையது இல்லை, சபையிட்டக் குடுத்தாச்சு எண்டு நாலு பேரும் ஒரே பதில். ஊசி நிக்கவே இல்லை, ஏனெண்டால் அவை சொன்னது உண்மை. தவிசாளர் என்ர பக்கம் சரிஞ்சு, பரிசீலிக்கிறம் எண்டு சொல்லிவிடு எண்டார். அதுக்கு முதல் மிஸ், றஹ்மத்தும்மாவுக்கு வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேக்கச் சொன்னவ.

றஹ்மத்தும்மா ஒருக்கா முந்தானையைச் சரிப்படுத்தினா. "நான் பதினேழு கந்தோரிலயும் ஏறி இறங்கினனான். எல்லா இடத்திலயும் நிண்டுதான் கதைச்ச. இந்தத் தவமணி மிஸ் ஒராள்தான் ஒவ்வொரு முறையும் என்னை இருக்கச் சொல்லி, தண்ணி தந்து, உங்கட கடிதம் போயிட்டுது, கவலைப்படாதீங்க எண்டு சொன்னவ. அவவுக்கு அல்லாஹ் நல்லதைக் குடுக்கட்டும். அதை இந்த வெள்ளைக்கார அம்மாக்கும் சொல்லுங்க."

இதை நான் இங்கிலிசில சொல்லவேணும். வாயைத் திறந்தன், வரேல்லை. எத்தினை பேரின்ர கோவத்தையும் அழுகையையும் மாத்திக் குடுத்த வாய், ஒரு நன்றியை மாத்த ஏலாமல் நிண்டுது. மொராக் மிஸ்ஸின்ர ஊசி நிண்டிட்டுது. நான் எழும்பி, எதிர்ப்பக்கம் உத்தியோகத்தர் வரிசையில வெறுமையாக் கிடந்த கதிரையில போய் இருந்தன். கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்து மடியில வைச்சன். மிஸ்ஸைப் பாக்கேல்லை, றஹ்மத்தும்மாவைப் பாத்துத் தமிழிலதான் சொன்னன். முகாம் போன அண்டைக்கு இந்தத் திறப்பைக் கையெழுத்து வைச்சு வாங்கினது நான்தான், அலுமாரியில போட்டு மறந்தது நான்தான், உங்கட மனுவை வாசிச்சு வேற இடத்துக்கு அனுப்பினதும் நான்தான் எண்டு சொன்னன்.

றஹ்மத்தும்மா கதிரையை விட்டு எழும்பேல்லை.

"நாலு வருசம் என்ட புள்ள கல்லில ஏறி இறங்கினா மிஸ்" எண்டா. "திறப்பு உங்கட அலுமாரியிலயா கிடந்த?"

"ஓம்" எண்டன்.

பிறகுதான் மிஸ்ஸின்ர பக்கம் திரும்பி, எல்லாத்தையும், அந்த நன்றியையும் சேர்த்து, இங்கிலிசில சொன்னன். அவ ஆறுதலும் சொல்லேல்லை, ஏசவும் இல்லை. மற்ற நாலு பேரிட்டயும் கேட்ட அதே குரலில, இது உங்களுடைய வேலையா எண்டு கேட்டா. ஓம் எண்டன். எப்ப எண்டா. இண்டைக்கு எண்டன். கொப்பியை எடுத்துப் பென்சிலால எழுதிக்கொண்டா. தவிசாளர் மெல்லமா, ஒரு திறப்பு விழா எண்டால் நாள் நேரம் பாக்கவேணுமே எண்டார். அதை நான் மாத்திச் சொல்லேல்லை.

பகல் சாப்பாட்டுக்கும் நிக்காமல் போனம். நான், மொராக் மிஸ், சின்னத்தம்பி அண்ணை. திறப்பைப் பூட்டுக்க விட்டால் அசையவே இல்லை. கடல் காத்தில பூட்டு உள்ளுக்க துருப் பிடிச்சு ஒரே கட்டி. தேங்காயெண்ணெய் விட்டம், மண்ணெண்ணெய் விட்டம், சின்னத்தம்பி அண்ணை கல்லால தட்டினார். கடைசியில பக்கத்து வெல்டிங் கடைப் பெடியன் அரியிற மெசினைக் கொண்டு வந்து ரெண்டு நிமிசத்தில அறுத்துப் போட்டான். அறுக்கிற சத்தத்துக்கு மேலால மிஸ் எனக்குச் சொன்னா, தான் பாராளுமன்றத்துக்குப் போன முதல் வருசம் ஒரு கிழவன் பஸ் தரிப்புக் கேட்டு எழுதின கடிதம் தன்ர பைலுக்கு அடியிலயே பத்து மாதம் கிடந்ததாம். அந்தக் கிழவன் மழையில நனைஞ்சு நனைஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறதை ஒவ்வொரு கிழமையும் கண்டு, பாவம் எண்டு கையும் காட்டிக்கொண்டு போனவவாம்.

"பிறகு அவரிட்டச் சொன்னீங்களோ?" எண்டு கேட்டன்.

"தரிப்பைக் கட்டிக் குடுத்தன். சொல்லேல்லை" எண்டா. "நீங்கள் என்னைவிடத் துணிஞ்ச ஆள், தவமணி."

எனக்கு அந்த இடத்திலயே அழுகையும் வந்துது, சிரிப்பும் வந்துது. கண்ணைத் துடைக்கப் போய்ப் பூட்டு எண்ணெயை முகமெல்லாம் பூசிப்போட்டன். மிஸ் என்னைப் பாத்துச் சிரிக்கத் துவங்கினவ, நிப்பாட்ட ஏலாமல் ஒழுங்கையில குந்திட்டா.

விளக்கம் கேட்டுத் தவிசாளர் கடிதம் தரத்தான் செய்தவர். அவர் தராமல் விட ஏலாது. "ஓம், நான்தான் செய்தனான், பிழைதான்" எண்டு ஒற்றை வரியில பதில் எழுதிக் குடுத்தன். அப்பிடி ஒரு பதில் அதுவரைக்கும் சபைக்கு வந்ததே இல்லையாம். அதுக்கு மேல என்ன எழுதிறது எண்டு தெரியாமல் ரெண்டு கிழமை மேசையில வைச்சிருந்திட்டு, எச்சரிக்கை எண்டு எழுதிப் பைலில போட்டிட்டார். பென்சன் நேரத்துக்கு வந்துது.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்தநாள் காலமையை. தவிசாளர் ஒழுங்கைக்குக் குறுக்கால நாடா கட்டி வெட்டவேணும் எண்டு ஆளை அனுப்பியிருந்தவர். நாடா விக்கிற கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், பள்ளிக்கூடத் தோணி ஆறரைக்கு வந்திடும். நான் ஆறு மணிக்கே அங்க போனன். படுக்க ஏலாமல் போனன். குடாவில காத்துக் கொஞ்சம் எழும்பத் துவங்கியிருந்தது. பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டிருந்ததால கேற் காத்துக்கு அப்பிடியும் இப்பிடியும் ஆடிக்கொண்டு நிண்டுது. கண்டல் மரங்களுக்குப் பின்னால இருந்து தோணி வந்துது. வெள்ளைச் சட்டையோட நாலு பிள்ளையள். றஹ்மத்தும்மா பின்னால நிண்டு சவள் துடுப்பால வலிச்சா. நேத்து மண்டபத்தை விட்டுப் போகேக்க அவ எனக்கு முகம் தரேல்லை, இண்டைக்கும் என்னைப் பாக்கேல்லை.

பிள்ளையள் இறங்கிச்சுதுகள். பழக்கதோசத்தில ரெண்டு பேர் சப்பாத்தைக் கழட்டக் குனிஞ்சுதுகள். அஸ்மா, உயரமான பிள்ளை, அதுகளைத் தட்டி ஒழுங்கையைக் காட்டினா. நாலு பேரும் சப்பாத்தோட நடந்து வந்தவை, பாதி வழியில நடை ஓட்டமாயிட்டுது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிசம் கிடந்தது, ஓடத் தேவையே இல்லை. ஆனாலும் ஓடினதுகள். என்னைத் தாண்டிப் போகேக்க அஸ்மா "குட் மோனிங் மிஸ்" எண்டிட்டுப் போனா. நான் ஆர் எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அதுகள் றோட்டில ஏறி மறைஞ்சாப் பிறகும் நான் அப்பிடியே நிண்டிருக்கிறன். காத்துக்குக் கேற் சாத்துப்பட்டிடும் எண்டு ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, முதுகைக் குடுத்து, சுவரோட தள்ளி வைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். தோணியைத் திருப்பிக்கொண்டு நிண்ட றஹ்மத்தும்மா அப்பதான் என்னை நிமிந்து பாத்தா. பிறகு தண்ணிக்கு மேலால சத்தமாச் சொன்னா:

"விடுங்க மிஸ். இனி அதைப் பூட்ட ஏலா. ஆரும் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்ல."

நான் கையை எடுத்தன்.